ஓடர் போட்டபோது ஒரு விலை, பார்சல் வரும்போது இன்னொரு விலை: என்ன செய்யலாம்?

கோண்டாவிலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். முகநூல் பக்கம் ஒன்றில் 12,900 ரூபாய் என்று போட்டிருந்த கிரைண்டரை மெசெஞ்சரில் ஓடர் செய்தார், "ஓகே அக்கா, ஓடர் கொன்ஃபேம்" என்று அவர்களும் பதில் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து கூரியரில் இருந்து வந்த குறுஞ்செய்தியில், பார்சலுக்குக் கட்டவேண்டிய காசு 14,850 என்று இருக்கிறது. கேட்டால், விளம்பரத்தில் இருந்தது பழைய விலை, டொலர் ஏறிவிட்டது, டெலிவரியும் வற்றும் (பெறுமதி சேர் வரியும்) வேறு என்கிறார்கள். வாங்குவதா, திருப்புவதா, யாரிடம் முறையிடுவது, கொழும்பில் இருக்கிற ஆட்களோடு யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மல்லுக்கட்ட முடியுமா?

முடியும். அதுவும் நீங்கள் நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள், ஏனென்றால் காசு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. விலைத் தகராறில் சட்டம், நியாயம் எல்லாம் பிறகு. காசு யாரிடம் இருக்கிறதோ அவர் ஆறுதலாக இருக்கலாம், மற்றவர்தான் ஓடித்திரிய வேண்டும். ஆகவே இப்போதைக்கு பார்சலை எடுக்கவும் வேண்டாம், கோபத்தில் திருப்பி அனுப்பவும் வேண்டாம். கூரியர் கிளைக்கு ஃபோன் எடுத்து, "விலையில ஒரு பிரச்சினை இருக்கு, வித்த ஆக்களோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன், ஒரு நாள் வைச்சிருங்கோ" என்றால் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். கொண்டுவருகிற தம்பியோடு சண்டை பிடிக்காதீர்கள். எழுதியிருக்கிற தொகையை வாங்கி ஒப்படைப்பது மட்டும்தான் அவருடைய வேலை, குறைத்து வாங்கினால் அந்தக் காசை அவர்தான் கட்டவேண்டி வரும்.

அடுத்து, அந்த 1,950 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் மூன்று காரணத்தை ஒன்றாகக் கட்டி உங்களிடம் தந்திருக்கிறார்கள், மூன்றும் ஒரே மாதிரியானவை இல்லை. நான் சில காலம் இங்கே ஒரு கடைக்கு ஒன்லைன் ஓடர்களைப் பார்த்தவன் என்றபடியால் சொல்கிறேன், விற்கிறவர் மூன்று காரணத்தை ஒரே மூச்சில் சொன்னால் அதில் ஒன்றாவது அந்த நேரத்தில் வாயில் வந்ததாக இருக்கும்.

வற் வரியை எடுங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். 12,900க்கு 18 வீதம் போட்டால் 2,322 ரூபாய் வருகிறது. அவர்கள் கூட்டியிருப்பதோ மொத்தமே 1,950, அதற்குள் டெலிவரியும் "புது விலையும்" வேறு இருக்கிறதாம். கணக்கே உதைக்கிறது. அதோடு வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரி மட்டும்தான் அந்த வரியை வாங்குபவரிடம் அறவிட முடியும், பதிவு செய்தவரிடம் ஒரு வற் இலக்கம் இருக்கும், அந்த இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு தரவும் முடியும். வீட்டு முன்னறையில் நாலு பெட்டி அடுக்கி வைத்து முகநூலில் விற்கிறவருக்கு அந்தப் பதிவு இருக்கிற வாய்ப்புக் குறைவு. எனவே வற் என்று யாராவது சொன்னவுடன் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி, "உங்கட வற் இலக்கம் என்ன, பில்லில போட்டுத் தருவீங்களா?" என்பதுதான். அநேகமாக அதோடு வற் பற்றிய கதை நின்றுவிடும்.

டெலிவரி அப்படி இல்லை. இது பெரும்பாலும் ஏமாற்று என்பதைவிட, சொல்லாமல் விட்ட காசு. கொழும்பில் இருந்து விளம்பரம் போடுகிறவர் மனதில் கொழும்பும் புறநகரும்தான் இருக்கும். கூரியர்களோ முதல் கிலோவுக்கு ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதலாக ஒரு தொகை என்று எடுப்பார்கள், பெட்டியோடு கிரைண்டர் நாலைந்து கிலோ வரும். தீவுப்பக்கம் என்றால் இன்னும் சிக்கல். வேலணை, புங்குடுதீவுக்குத் தரைவழி இருக்கிறது, குறிகட்டுவானில் படகு ஏறவேண்டிய நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார்களா என்பதை ஓடர் போட முன்பே கேட்டுவிட வேண்டும். உங்கள் விளம்பரத்தில் எங்காவது மூலையில் "டெலிவரி கட்டணம் தனி" என்று இருந்ததா என்று திரும்பப் பாருங்கள். இருந்தால் அந்தக் காசு உங்கள் பொறுப்பு, வாதாட ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் சட்டப்படி நீங்கள் மறுக்கலாம், ஆனால் நான் என்றால் நியாயமான டெலிவரிக் காசை விட்டுக்கொடுத்து, மற்ற இரண்டையும் பிடித்துக்கொள்வேன். ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்றதில் ஆள் இறங்கி வருவது சுலபம்.

இனி அந்த "பழைய விலை". இதுதான் தகராறின் நடு.

விளம்பரத்தில் ஒரு விலை போட்டால் அந்த விலைக்கு விற்றே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டம் பொதுவாக அப்படிப் பார்ப்பதில்லை. விளம்பரம் என்பது "வாருங்கள், கேளுங்கள்" என்ற அழைப்பு மட்டும். நீங்கள் ஓடர் போடுவதுதான் முன்வைப்பு, அவர் அதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் ஒப்பந்தம் உண்டாகிறது. ஆகவே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு "விலை என்ன?" என்று கேட்டபோதே 14,850 என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு எரிச்சல் வரலாம், உரிமை அவ்வளவாக வராது. ஆனால் உங்கள் விடயத்தில் 12,900 என்ற விலைக்கு நீங்கள் ஓடர் போட்டு, அவர்கள் "கொன்ஃபேம்" என்று எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் விலை நிலைத்துவிட்டது. மெசெஞ்சரில் எழுதியது செல்லுமா என்று கேட்டால், செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், மின்னணு வடிவில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லமுடியாது என்கிறது. முத்திரை ஒட்டிய கடதாசி தேவையில்லை.

ஆனால் ஒரு கவனம். பெரிய இணையக் கடைகளில் ஓடர் போட்டவுடன் வருகிற மின்னஞ்சல் பல நேரம் "உங்கள் ஓடர் கிடைத்தது" என்று மட்டும் சொல்லும், பொருளை அனுப்பும்போதுதான் ஏற்றுக்கொள்கிறோம் என்று அவர்களுடைய நிபந்தனைகளில் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் அனுப்ப முன்னர் ரத்துச் செய்துவிட்டால், கட்டிய காசு திரும்பி வருவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உங்கள் சரக்கோ அனுப்பியாகிவிட்டது, யாழ்ப்பாணக் கிளைக்கே வந்துவிட்டது.

"தவறுதலாகப் போட்ட விலை" என்று அவர்கள் அடுத்துச் சொல்லக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். இதற்குச் சட்டம் படிக்கிறவர்கள் சொல்லுகிற ஒரு சிங்கப்பூர் வழக்கு இருக்கிறது. 2003 ஜனவரியில் டிஜிலாண்ட்மோல் என்ற இணையக் கடையில், 3,854 சிங்கப்பூர் டொலர் பெறுமதியான லேசர் பிரிண்டர் பிழையாக 66 டொலர் என்று ஏறிவிட்டது. ஆறு பேர் நள்ளிரவில் விழுந்தடித்து 1,606 பிரிண்டர்களை ஓடர் போட்டார்கள், கடையின் கணினியும் தானாகவே உறுதி மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. கடை தரமாட்டேன் என்றது, அவர்கள் வழக்குப் போட்டார்கள், 2004இல் தோற்றார்கள், 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்கள். விலை பிழை என்று தெரிந்துகொண்டே வாங்கினார்கள் என்பதுதான் காரணம், அதற்கு அவர்கள் தங்களுக்குள் கதைத்த அரட்டைச் செய்திகளே சாட்சியாயின. 2002இல் பிரித்தானியாவில் கொடாக் நிறுவனம் 329 பவுண் கமராவை 100 பவுண் என்று போட்டுவிட்டு, முதலில் மறுத்து, பிறகு ஓடர் போட்டவர்களுக்கு அந்த விலைக்கே கொடுத்தது. 100 பவுண் என்பது பண்டிகைக் கழிவு என்று யாரும் நம்பக்கூடிய விலை. உங்கள் கிரைண்டர் 1,290 ரூபாய் என்று இருந்திருந்தால் நானே விட்டுவிடச் சொல்வேன். 12,900 என்பதைப் பிழை என்று யாருக்கும் தோன்றாது.

டொலர்க் கதைக்கு ஒரு காலம் இருந்தது, மறுக்கவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 சொச்சத்தில் இருந்து 350க்கு மேலே போனது. அந்த நாட்களில் ஓடர் எடுத்து அனுப்புவதற்கிடையில் விலை உண்மையிலேயே மாறியது, நல்ல வியாபாரிகளும் வாடிக்கையாளரிடம் கெஞ்சினார்கள். அந்தக் கதையை இன்றைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் கூட்டிக் கேட்பது ஏறத்தாழ 15 வீதம், இரண்டு நாளில் டொலர் 15 வீதம் ஏறியிருந்தால் அது ஊர் முழுக்கக் கதையாக இருந்திருக்கும். அதோடு அந்தப் பெட்டி ஏற்கெனவே நாட்டுக்குள் வந்து, பழைய டொலரில் காசு கட்டிய சரக்கு.

சரி, எப்படிக் கேட்பது? ஃபோனில் வேண்டாம். ஃபோனில் அவர் சொன்னது காற்றோடு போய்விடும், உங்களுக்கும் குரல் ஏறும். முதலில் விளம்பரத்தையும், உங்கள் ஓடரையும், அவர்களுடைய உறுதிப் பதிலையும், கூரியர் செய்தியையும் திகதி நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இதை இந்தப் பதிலை வாசித்து முடிக்க முன்பே செய்யுங்கள், ஏனென்றால் விளம்பரத்தைத் திருத்துவதற்கு அவருக்கு ஒரு நிமிடம் போதும். (முகநூல் பதிவில் மேலே இருக்கிற மூன்று புள்ளியைத் தட்டினால், பல பதிவுகளுக்கு முன்பு என்ன எழுதியிருந்தது என்ற திருத்த வரலாறும் தெரியும்.) பிறகு ஒரே ஒரு செய்தி, இப்படி:

"வணக்கம் தம்பி. 12,900 ரூபாய்க்கு நான் ஓடர் தந்து நீங்கள் உறுதி செய்த செய்தியை இத்துடன் இணைத்திருக்கிறேன். கூரியரில் 14,850 என்று வந்திருக்கிறது. டெலிவரிக்கு கூரியர் எடுக்கிற உண்மையான தொகையைத் தர எனக்குச் சம்மதம், அது எவ்வளவு என்று சொல்லுங்கள். வற் என்றால் உங்கள் வற் இலக்கத்தையும் பில்லையும் அனுப்புங்கள். நாளை மதியத்துக்குள் தொகையைத் திருத்தினால் பார்சலை எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டி வரும்."

இதில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை, பொலிஸ் இல்லை. ஆனால் கடைசி வரி அவருக்கு நன்றாக உறைக்கும். காசை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கிற முறையில் திரும்பி வருகிற பார்சலுக்கு அனுப்பிய செலவு வீண், பல கூரியர்கள் திருப்புவதற்கும் ஒரு தொகை எடுப்பார்கள், போதாததற்குப் பெட்டி அடிபட்டு வந்து சேரும். ஆயிரம் ரூபாய்க்காக அந்தச் செலவை ஏற்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. அவர்கள் திருத்துவதாக ஒத்துக்கொண்டால் அந்தத் தொகையை கூரியரின் கணினியில் திருத்தவேண்டும், "இப்ப முழுக்கக் கட்டி எடுங்கோ அக்கா, மிச்சத்தை நாங்கள் போட்டுவிடுறம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்தான், ஆனால் கையில் இருக்கிற ஒரே பிடியை ஏன் விடவேண்டும்? திருத்திவிட்டோம் என்று சொன்ன பிறகு கிளைக்கு ஒருமுறை ஃபோன் எடுத்துத் தொகையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எடுக்கும்போது, பெட்டியை உடைப்பதை ஆரம்பத்தில் இருந்து வீடியோ எடுத்து வைப்பது நல்லது, அது விலைக்கு இல்லாவிட்டாலும் வேறு எதற்காவது உதவும்.

பார்சலை வேண்டாம் என்றால் வழக்குப் போடுவார்களா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஒப்புக்கொண்ட விலையை மாற்றியவர் அவர், அவர் எந்த முகத்தோடு வழக்குக்குப் போவது? ஆனால் விலையில் எந்தக் குழப்பமும் இல்லாமல், மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பார்சலைத் திருப்புவது வேறு கதை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

காசை ஏற்கெனவே கட்டியவர்களுக்கு நிலைமை வேறு. வங்கிக் கணக்குக்கு நேரே போட்ட காசைத் திருப்பி இழுக்க வழி கிட்டத்தட்ட இல்லை, விற்றவர் மனம் வைத்தால்தான். கார்ட்டில் கட்டியிருந்தால், ஒப்புக்கொண்ட தொகைக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று கார்ட் தந்த வங்கியிடம் எழுத்தில் மறுப்புக் கொடுக்கலாம். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பெரும்பாலான மறுப்புகளுக்கு 120 நாள் வரை இடம் உண்டு, ஆனால் வங்கிகள் அதைவிடக் கெதியாகக் கேட்கும், கணக்கறிக்கை வந்த கையோடு கொடுத்துவிடுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கம் இருக்கிறது. கார்ட்டில் கட்டினால் 3 வீதம் கூட என்று சில கடைகள் கேட்கின்றன, அதுவும் விலைத் தகராறுதான். அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது, பில்லில் அந்த 3 வீதம் தெரிந்தால் அதை உங்கள் வங்கிக்கு அனுப்புங்கள்.

கனடாவில், லண்டனில் இருக்கிற அண்ணனோ அக்காவோ அம்மாவுக்கு என்று காசு கட்டி வாங்குகிற ஓடர்கள் இங்கே நிறைய. அதில் தகராறு வந்தால் அம்மா விற்பவரோடு எவ்வளவு கதைத்தாலும் கார்ட் வழியான உரிமை கார்ட் வைத்திருக்கிறவருக்குத்தான், அவர்தான் தன் வங்கியிடம் கேட்கவேண்டும். பேபாலில் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் முறைப்பாடு போடலாம். ஆனால் இலங்கையில் இருக்கிறவர் பேபால் கணக்குக்குக் காசு வாங்க முடியாது என்பதால், சில விற்பனையாளர் வெளிநாட்டில் இருக்கிற மச்சானின் கணக்கைத் தந்து, "நண்பர்கள், குடும்பம் என்று போட்டு அனுப்புங்கோ" என்பார்கள். அப்படி அனுப்பிய காசுக்கு வாங்குபவர் பாதுகாப்புக் கிடையாது. அனுப்ப முன்னர் யோசியுங்கள். இன்னொன்று, வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து கேட்டால் ஒரு விலை, சுன்னாகத்தில் இருந்து கேட்டால் ஒரு விலை என்று "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" பக்கங்களில் நடக்கிறது. விலையைப் பொதுவில் எழுதாத பக்கத்தில் நான் வாங்குவதில்லை.

இனி முறைப்பாடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைதான் இதற்கு உரிய இடம். தொலைபேசி 1977, யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அதன் மாவட்டப் பிரிவு இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வியாபாரி ஏமாற்றும் விதமாக நடப்பதைத் தடுக்கிறது, 28ஆம் பிரிவு கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்கிறது. பொருளின் தரம், உத்தரவாதம் சம்பந்தமான முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது 13ஆம் பிரிவு, விலைக்கும் அந்த மூன்று மாதத்தையே கெடுவாக வைத்துக்கொண்டால் பிசகாது. பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருந்தால் அதையும் படம் எடுங்கள். அதற்கு மேலே விற்றிருந்தால் அதுவே தனிக் குற்றம், பேரம், விளக்கம் எதற்கும் இடமில்லை.

ஆனால் முறைப்பாட்டில் யாருடைய பெயரை எழுதுவது? இங்கேதான் பலர் முட்டுப்படுகிறார்கள். பக்கத்துக்கு ஒரு அழகான பெயர் இருக்கும், பின்னால் யார் என்று தெரியாது. கூரியர் சிட்டையில் அனுப்பியவரின் பெயர், விலாசம், ஃபோன் இலக்கம் இருக்கும், அதை எறியாமல் வையுங்கள். கம்பனி என்று சொல்கிறார்கள் என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். முற்பணத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தையே மூடிவிட்டுப் போனவர்கள் என்றால் அது விலைத் தகராறு இல்லை, மோசடி, பொலிஸுக்குப் போங்கள்.

குழுக்களில் பெயரோடு போட்டு நாறடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடி, ஸ்கிரீன்ஷொட்டில் மற்றவர்களின் ஃபோன் இலக்கத்தை மறைத்து எழுதினால் பிரச்சினை குறைவு. "கள்ளன்" என்று எழுதினால் அவர் மானநட்டத்துக்குச் சிவில் வழக்குப் போடலாம், பிறகு 1,950 ரூபாய்க்காக நீங்கள் சட்டத்தரணி தேடவேண்டி வரும்.

உங்கள் செய்திக்கு அவர்கள் "அப்ப ஓடரை ரத்துச் செய்யிறம்" என்று பதில் போட்டால், செய்யட்டும். காசு கட்டாத நிலையில் அதற்கு மேலே இழுப்பது உங்கள் நேரத்துக்குப் பெறுமதி இல்லை. அதே மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், உத்தரவாத அட்டையில் கடை முத்திரை குத்தித் தருவார்களா, பழுது வந்தால் இங்கேயே பார்ப்பார்களா என்பதையும் சேர்த்து. 12,900 என்ற விலைக்குள் அது இரண்டும் இருந்ததா என்று அந்தப் பக்கத்தாரிடம் நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.